கம்பியில் தொங்கும் ‘தி’

இங்கிலீஷு,

இன்று காலை கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தேன். திடீரென்று உன் கடை வாசனை வந்தது. சூடான பிளாஸ்டிக்கும் லேசாகக் காந்திய காகிதமும் சேர்ந்து வருமே, அது. லேமினேஷன் மிஷினின் வாயிலிருந்து ஓர் அட்டை நாக்கை நீட்டுவது போல மெதுவாக வெளியே வந்தது. எடுத்தால் கை சுட்டது. நீ சூட்டோடு எடுத்து இரண்டு கைக்கும் மாற்றி மாற்றிப் போட்டு ஆற வைப்பாய். நானும் அப்படியே செய்தேன்.

மிஷினை ஓட்டிய பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். நான் கொடுத்திருந்த காகிதங்களைப் புரட்டிப் பார்த்தாள். ஐம்பது காகிதம். ஐம்பதிலும் ஒரே வார்த்தை. ஆங்கிலத்தில், கொட்டையாக, மூன்றே எழுத்து. அதற்குக் கீழே ஒரு கோடு. வேறு ஒன்றும் இல்லை.

“சார், மீதி வார்த்த விட்டுப்போச்சு போல கீது. தி-ன்னு மட்டும் கீது. தி இன்னா?”

“மீதி என் யார்டுல கீதும்மா.”

“இங்க எட்த்தாந்திருக்கலாமே.”

“ஒவ்வொண்ணும் நூத்தம்பது கிலோ. தூக்கினு வர முடியல.”

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். காலையிலேயே எங்கேயோ போய்விட்டு வந்திருக்கிறான் என்று நினைத்திருப்பாள். நீ செய்து வைத்துவிட்டுப் போன அட்டைகளில் கடைசியும் போன வாரம் வெளியே போய்விட்டது. அதனால்தான் வேறு கடைக்கு வர வேண்டியதாயிற்று. கோபித்துக்கொள்ளாதே.

அவளுக்குக் கதையைச் சொன்னேன். உனக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் உனக்கும் ஒரு தடவை சொல்கிறேன். இரண்டு பேருக்கும் தெரிந்ததைப் பேசுவதில்தான் எனக்கு எப்போதும் ருசி.

உன் கடைக்கு முதல் தடவை வந்தபோது நான் பழைய மோட்டார் வாங்கி விற்கும் யார்டு போட்டு ஆறு மாதம். அதற்கு முன் பதினைந்து வருஷம் தொழிற்பேட்டையில் லோடுமேன். கம்பெனி கேட்டில் பழைய இரும்பை லாரியில் ஏற்றி ஏற்றி, எந்த மோட்டாருக்கு இன்னும் உயிர் இருக்கிறது, எது வெறும் செம்புக்குத்தான் ஆகும் என்பது எடையை வைத்தே எனக்குப் பிடிபட்டுவிட்டது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அது போதுமான படிப்பு. ஆனால் கம்பெனிக்காரன் கொடேஷனை ஆங்கிலத்தில் கேட்கிறான். அதை எழுத எடை தெரிந்தால் போதாது.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நானே எழுதிக்கொண்டு வந்தேன். ஸ்டேஷனுக்கு எதிரே உன் கடை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ், ஒரு லேமினேஷன் மிஷின், மேலே ஒரு சிலுவைப் படம். நீ தாளை வாங்கிப் படித்தாய். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தாய்.

“இன்னா இது, சரக்கு லிஸ்டா, கலியாணத்துக்கு வர்ற பெரிய மனுஷங்க லிஸ்டா?”

“ஏன், தப்பா கீதா?”

“தி மோட்டார், தி பம்ப், தி கியர் பாக்ஸ். சரி. அப்பால எ போல்ட், எ நட், எ வாஷர். எப்டிப் பிரிச்ச?”

“பெருசுக்கு தி. சின்னதுக்கு எ.”

“யார் சொன்னது?”

“யாராவது சொல்லணுமா? லீவு லெட்டர்ல இன்னா எழுதினோம்? டூ, தி ஹெட்மாஸ்டர். கம்பெனில, டூ, தி மேனேஜர். மனு குட்த்தா, தி டிஸ்ட்ரிக்ட் கலெக்டர். எங்கனா தி லோடுமேன்னு பார்த்துகீறியா?”

தாளின் கடைசி வரியில் உன் விரல் நின்றது. ‘ஐ ஆம் எ ஓனர்’ என்று எழுதியிருந்தேன். என் பெயருக்கு தி போட்டுக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. அந்த அளவுக்கு நான் இன்னும் வளரவில்லை என்று நினைப்பு.

நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பற்றி நீ தினமும் வரும் ஆரம்பாக்கம் ரயில் பெட்டியில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அன்றைக்குத்தான் முதல். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒரு ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினாய்.

“உக்காரு. அது பெரிய மனுஷனுக்குப் போடற மாலை இல்ல. நீ எதச் சொல்றேன்னு கேக்கறவனுக்கும் தெரியும்னா தி. அவனுக்குத் தெரியாதுன்னா எ. ஹெட்மாஸ்டர் ஒருத்தர்தான், ஸ்கூலுக்கே தெரியும், அதனால தி.”

“அப்ப தி லோடுமேன்?”

“நேத்து ஒரு லோடுமேன் வந்தான்னு என்னாண்ட சொல்ற. எ லோடுமேன். இன்னிக்கு அந்த லோடுமேன் வர்லன்னு சொல்ற. தி லோடுமேன். கலெக்டருக்கு இன்னா வார்த்தயோ அதே வார்த்த.”

உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு நீ அடித்துக் கொடுத்த கொடேஷனை விட அந்தப் பேச்சுதான் என்னோடு வீட்டுக்கு வந்தது. பதினைந்து வருஷம் மூட்டை தூக்கியவனுக்கு அதே வார்த்தை உண்டு என்று யாரோ ஒருத்தி ஸ்டூல் போட்டு உட்கார வைத்துச் சொன்னாள். என் அப்பாவும் உன் அப்பாவும் ஒரே ஆளுடைய நெல் வயலில் கூலிக்கு நின்றவர்கள் என்பது பிறகு பேசும்போதுதான் தெரிந்தது. நீ தபாலில் பி.ஏ. இங்கிலீஷ் படித்தவள். அன்றிலிருந்து உன் பெயரை நான் சொன்னதே இல்லை, இங்கிலீஷு என்றே கூப்பிட்டேன். நீயும் என்னை மோட்டாரு என்றே கூப்பிட்டாய். உன் வீட்டுக்காரர் போனில் என் நம்பரை மோட்டாரு என்றுதான் வைத்திருக்கிறார், இன்றைக்கும்.

என் மண்டையில் அது சுலபமாக ஏறிவிடவில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவாய். ஒரு தடவை சூரியனுக்கு எப்போதும் தி என்றாய், ஒன்றே ஒன்றுதான் என்பதால். “கொடேஷன்ல நான் சூரியன வெக்கறதே இல்லியே, எனக்கு எதுக்கு?” என்றேன். “மழை பெய்ஞ்சா உனக்கே தெரியும்” என்றாய். உனக்கு ரயிலை வைத்துச் சொல்வதுதான் பிடிக்கும். தினமும் ஆரம்பாக்கத்தில் ஏறும் உன் வண்டி தி ட்ரெயின். “தி ட்ரெயின் போச்சுன்னா பேஜாராவாத மோட்டாரு. எ ட்ரெயின் வரும்.” ஆர்டர் கைதவறிப் போன நாளில் எல்லாம் இதைத்தான் சொல்வாய். நானும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவேன்.

எனக்கு அது முழுசாகப் புரிந்தது உன் கடையில் இல்லை, யார்டில். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேராக வந்தாய். மோட்டார்களின் பக்கத்தில் அடித்திருக்கும் சின்னத் தகட்டு எழுத்தைப் படித்து லிஸ்ட் எடுக்க உன்னைக் கூப்பிட்டிருந்தேன். வெள்ளைப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிரீஸ் நடுவில் உட்கார்ந்து எழுதினாய். மூடிப்போன ஒரு ஆலையிலிருந்து நான் எடுத்து வந்த பன்னிரண்டு மோட்டார் வரிசையாக நின்றது. ஒரே கம்பெனி, ஒரே பவர், ஒரே பச்சை பெயின்ட். அவற்றைப் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

அன்றைக்குத்தான் பழவேற்காட்டு ஐஸ் ஃபேக்டரிக்காரர் வந்தார். பெரியவர், பேச்சு குறைவு. பன்னிரண்டையும் ஓட்டச் சொன்னார். இடுப்பிலிருந்து நீளமான ஸ்க்ரூட்ரைவரை எடுத்து, முனையை மோட்டாரின் பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்பது போலத்தான். பேரிங் தேய்ந்திருந்தால் உள்ளே சத்தம் சொல்லிவிடும். ஒவ்வொன்றுக்கும் அவ்வளவு நேரம். நீ எழுதுவதை நிறுத்திவிட்டு அவர் பின்னாலேயே போனாய்.

“இன்னா நைனா கேக்குது அதுல?”

“நீயே கேளும்மா.” ஸ்க்ரூட்ரைவரை உன் காதில் வைத்தார். “இது எப்டி கீது?”

“மொறத்துல அரிசி பொடைக்கிற மாரி.”

“இது?”

கொஞ்ச நேரம் கேட்டாய். “மாடு படுத்துகினு மூச்சு வுடற மாரி கீது.”

“அதான்” என்றார். சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து அந்த மோட்டாரின் முதுகில் தன் பெயரை எழுதினார். மோட்டாரை வைக்க அடித்தளம் கட்டி முடித்ததும் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு மொபெட்டில் ஏறிப் போனார். எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். வாங்குகிறவர் தேர்ந்தெடுத்து சாக்பீஸில் பெயர் எழுதிவிட்டால் அது அவருடையது. ரசீது எல்லாம் பிறகுதான்.

நீ அந்த எழுத்தைச் சுற்றி விரலால் வட்டம் போட்டாய். “மோட்டாரு, இங்கியே கீது பாரு உன் பாடம். காத்தால வரைக்கும் இது எ மோட்டார். இப்ப இது தி மோட்டார். அவருக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.”

அப்போது தலையாட்டினேன். எவ்வளவு தெரிந்துகொண்டேன் என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

அந்த மழை உனக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு நாள் விடாமல் கொட்டியது. யார்டு மேல் கட்டியிருந்த தார்ப்பாய் காற்றில் பிய்த்துக்கொண்டு பக்கத்து வயலில் போய் விழுந்தது. காலையில் போய்ப் பார்த்தால் பன்னிரண்டு மோட்டாரும் குளித்து முடித்துச் சுத்தமாக நிற்கிறது. சாக்பீஸ் எழுத்து இருந்த இடம் தெரியவில்லை. அதைப் பார்த்து முடிப்பதற்குள் கேட்டில் லாரி ஹாரன். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்குள் தண்ணீர் புகுந்து அவர்கள் மோட்டார் எல்லாம் மூழ்கிவிட்டன. அவசரமாகப் பத்து வேண்டும். சூப்பர்வைசரே லாரியோடு வந்துவிட்டார்.

ஒரு கம்பெனி நேராக என் யார்டுக்கு வருவது அதுதான் முதல் தடவை. அதுவரை எல்லாம் பெரிய வியாபாரி ஒருவர் வழியாகத்தான் போகும். நான் அவருக்குப் பின்னால் நிற்கிற ஆள். இந்த லாரி நிறைந்து போனால் நான் வியாபாரி. காலியாகப் போனால் அடுத்த தெருவில் அவருடைய யார்டு திறந்திருக்கிறது. நான் மறுபடியும் பின்னால் போய் நிற்க வேண்டியதுதான். அந்த ஒரு மணி நேரத்தில் என் மனசில் இருந்தது இது மட்டுமே. பத்து மோட்டாரை ஏற்றச் சொன்னேன். எந்தப் பத்து என்று பார்க்கவில்லை. பார்த்தாலும் தெரியாது என்பது எனக்கு அப்போது சௌகரியமாக இருந்தது. இதையும் சொல்லிவிடுகிறேன்.

பில் அடிக்க உன் கடைக்கு ஓடி வந்தேன். “அப்டியே ஐஸ் ஃபேக்டரிக்காரருக்கும் ஒரு மெசேஜ் போட்டுடு. மோட்டார் ரெடி, வந்து எட்த்துக்கச் சொல்லு.”

நீ அடித்துக்கொண்டிருந்த கை நின்றது. “சாக்பீஸ் போயிருக்குமே. அவருது எதுன்னு எப்டித் தெரிஞ்சுது?”

“ரெண்டு மிச்சம் கீது. எதுனா ஒண்ணு.”

“எதுனா ஒண்ணா?”

“எல்லாம் ஒரே மாடல்மா. அவருக்கு இன்னா தெரியப் போவுது.”

நீ திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். நீ திட்டவில்லை. போனை எடுத்து ஐஸ் ஃபேக்டரிக்காரரைக் கூப்பிட்டாய். மழையில் எழுத்து போய்விட்டது, லாரி வந்து நிற்கிறது, எது உங்களுடையது என்று தெரியவில்லை என்று இருந்ததை இருந்தபடி சொன்னாய். ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது. “எழுத்து போனா போவுது. காது கீதுல்ல. வரேன்.” நீ ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என் வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தாய்.

“லாரி நிக்காதும்மா. அந்த ஆள் பக்கத்து யார்டுக்குப் போயிடுவான். எனக்கு இன்னா ஆவும்னு தெரியுமா உனக்கு?”

“தெரியும். வண்டிய ஓட்டு.”

நான் பயந்தபடியேதான் நடந்தது. இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றதும் சூப்பர்வைசர் கையில் கட்டியிருந்த வாட்ச்சைத் தட்டிக் காட்டினார். “டைம் இல்ல சார். பத்து வோணும். இல்லன்னா வேற எடம் பாத்துக்கறேன்.”

நீ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாய்.

“சார், பத்து வோணும், சரி. எந்தப் பத்துன்னு உங்களுக்குக் கவல உண்டா?”

“எதுவா இருந்தா இன்னாம்மா. ஓடுனா போதும்.”

“ஓடுதான்னு பாத்தீங்களா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் லாரியைப் பார்த்தேன்.

“நேத்து ராவெல்லாம் மழைல நின்ன மோட்டாரு சார். கம்பெனில கொண்டுபோய் எறக்கி, மாட்டி, அப்பால ஓடலன்னா மேனேஜர் யாரக் கேப்பாரு? உங்களத்தான். லாரி மேலயே வெச்சு ஒண்ணொண்ணா ஓட்டிக் காட்றோம். பாத்துட்டு எட்த்துனு போங்க.”

இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இவ்வளவு பேருக்கு இவ்வளவு சரக்கைப் பேசி விற்றிருக்கிறேன். தாமதத்தையே ஒரு சரக்காக்கி விற்க அன்றைக்கு உன்னிடம்தான் கற்றேன். சூப்பர்வைசர் வாட்ச்சை விட்டுவிட்டு டீ கேட்டார்.

யார்டிலிருந்து கேபிள் இழுத்து, மோட்டாருக்கு இரண்டு பக்கமும் கட்டை முட்டுக் கொடுத்து, லாரி மேலேயே ஓட்டினோம். சாலையில் போகிறவர்கள் எல்லாம் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். லாரி டிரைவர் மட்டும் சலித்துக்கொண்டார். “என் வண்டி என்ஜினுகூட இவ்ளோ சத்தம் போட்டதில்ல.” மூன்றாவது மோட்டார் ஓடவே இல்லை. ஒரு உறுமல், அவ்வளவுதான். டெர்மினல் பாக்ஸுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. சூப்பர்வைசர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு உன்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஐந்தாவது ஓடும்போது மொபெட் வந்து நின்றது. பெரியவர் கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நனைந்தபடி இறங்கினார். நேராக லாரிப் பக்கம் வந்தார். லாரி மேல் ஏற இரண்டு பேர் கைகொடுத்தோம். ஸ்க்ரூட்ரைவரை எடுத்துக் காதில் வைத்தார். ஐந்து. தலை ஆடவில்லை. ஆறு. இல்லை. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீயோ கண்ணை மூடிக்கொண்டு நின்றாய், உனக்கும் கேட்கிற மாதிரி. ஏழாவதை ஓட்டினோம். அவர் ஸ்க்ரூட்ரைவரை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். மோட்டாரின் முதுகில் உள்ளங்கையை வைத்தார்.

“இங்கியா வந்து ஒக்காந்துகினு கீற” என்றார், மோட்டாரிடம்.

நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். ஆரம்பாக்கம் வண்டிச் சிரிப்பு. சூப்பர்வைசர் சிரித்தார், டிரைவர் சிரித்தார், எதற்கென்று தெரியாமல் நானும் சிரித்தேன். மீதியையும் ஓட்டிப் பார்த்தோம், நன்றாக ஓடின. ஏழாவதும் மூன்றாவதும் கீழே இறங்க, தரையில் இருந்த இரண்டையும் ஓட்டிப் பார்த்து மேலே ஏற்றினோம். லாரி பத்தோடு போனது. பெரியவர் மோட்டார் தனி வண்டியில் பழவேற்காட்டுக்குப் போனது. போகும்போது உன்னிடம் மட்டும் சொன்னார், “காது நல்லா கீதும்மா உனக்கு.”

எல்லோரும் போன பிறகு சொன்னாய், “பாத்தியா. அந்த சூப்பர்வைசருக்கு எ. எதா இருந்தாலும் சரி. பெரியவருக்கு தி. அது ஒண்ணுதான். ரெண்டு பேரும் நல்ல கஸ்டமருதான் மோட்டாரு. யாருக்கு எதுன்னு தெரியாம சரக்கு ஏத்துனா நீ வியாபாரி இல்ல, லோடுமேன்தான்.”

“லோடுமேனுக்கும் தி உண்டுன்னு சொன்ன.”

“உண்டு. அவன் எத ஏத்தறோம்னு பாத்து ஏத்துனா.”

உன்னிடம் எப்போதும் இப்படித்தான் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

அடுத்த நாள் ஒரு பையைக் கொண்டுவந்து என் மேஜையில் கவிழ்த்தாய். இருபது அட்டை, லேமினேஷன் போட்டு, மூலையில் ஓட்டை குத்தி, கட்டுக்கம்பி கோத்தது. மேலே கொட்டையாக தி. கீழே பெயர் எழுத ஒரு கோடு. “சாக்பீஸ் மழைக்குப் போயிடும். இது போவாது.” அன்றிலிருந்து யாராவது ஒரு சரக்கைத் தேர்ந்தெடுத்தால் மார்க்கரில் பெயர் எழுதி இந்த அட்டையைக் கட்டிவிடுவோம். ஒன்றுகூட மாறிப் போனதில்லை. தடாவிலிருந்து, நெல்லூரிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, எனக்கும் ஒன்று கட்டுங்கள் என்பார்கள்.

என் ஆட்களுக்கு ஓர் எழுத்து ஆங்கிலம் தெரியாது. ஆனால் ‘தி ஆயிடுச்சி’ என்றால் அதைத் தொடக்கூடாது என்று தெரியும். அந்தப் பேச்சு யார்டை விட்டு வெளியே போய்விட்டது. நம்ம யார்டில் வேலை செய்யும் முனுசாமிக்குப் பொண்ணு பார்த்துக்கொண்டிருந்தார்களே, ஒரு நாள் வெற்றிலை பாக்கோடு வந்து நிற்கிறான். “இன்னாடா?” என்றால், “தி ஆயிடுச்சிண்ணே” என்கிறான், வெட்கப்பட்டுக்கொண்டு. அவன் கலியாணத்தில் நீ மாப்பிள்ளை கழுத்தில் அந்த அட்டையைக் கட்டப் பார்த்தாய். பொண்ணு வீட்டார் முறைத்ததும்தான் கைப்பைக்குள் வைத்தாய். டீக்கடைக்காரர்கூட என் கிளாஸைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, “இது தி” என்பார். ஊருக்கே பாடம் நடத்தினவள் நீ. ஃபீஸ் வாங்காமல்.

உன்னைக் கடைசியாகப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமான ஞாபகம்தான். ஆரம்பாக்கத்தில் உன் வீட்டுக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். பாதியாக இளைத்திருந்தாய். சிரிப்பு மட்டும் இளைக்கவில்லை. “மொதல்ல எ டாக்டராண்ட போனேன் மோட்டாரு. இப்ப தி டாக்டர் ஆயிட்டாரு. அவரு ஊட்டு நாய் பேருகூடத் தெரியும் எனக்கு.” உன் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். அப்போது குரலை இறக்கினாய்.

“கடைய மூடிட்டேன். கம்ப்யூட்டர், ஜெராக்ஸ் எல்லாம் போயிடுச்சி. லேமினேஷன் மிஷின் மட்டும் உன்னாண்ட வரட்டும். பழைய மிஷின் விக்கறவன்தான நீ. ஆனா யாருக்கோ தள்ளிடாத. உன் ஆளுங்க கைலயும் குட்க்காத, கிரீஸ் பூசிடுவானுங்க. அதான் வோணும்னு யாராவது வந்து கேப்பாங்க. அவங்களுக்குக் குடு.”

“வர்லன்னா?”

“வருவாங்க.”

நீ போய், மிஷின் என்னிடம் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பாலிதீன் சுற்றி, என் மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் வைத்திருக்கிறேன். அதில் ஒரு தி அட்டை கட்டினேன். கீழே பெயர் எழுதவில்லை. திருநின்றவூரிலிருந்து ஒருவர் வந்தார், லேமினேஷன் மிஷின் எதுனா கீதா என்றார். இல்லை என்றேன். எதிரில் இருக்கும் மிஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முனுசாமிதான் சமாளித்தான். “அது தி ஆயிடுச்சிங்க.” யாருக்கு என்று அவர் கேட்க, முனுசாமி என்னைப் பார்க்க, நான் மேஜையில் எதையோ தேட ஆரம்பித்தேன். இப்படி நாலைந்து பேர் வந்து போனார்கள். விற்கவும் முடியாமல், கிரீஸ் கையால் ஓட்டவும் மனசில்லாமல், ஒரு வியாபாரி மேஜைப் பக்கத்தில் இப்படி ஒரு சரக்கு இருக்கக் கூடாது. உன்மேல் எனக்கு லேசாகக் கோபம்கூட வந்தது. தெரிந்த இரண்டு பேரில் ஒருத்தர் போய்விட்டால் தி என்ன ஆகும் என்று உன்னிடம் கேட்காமல் விட்டேனே என்று இருந்தது.

இப்போது காலைக் கதைக்கு வருகிறேன். ஜெராக்ஸ் கடைப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மிஷினை நிறுத்தினாள். பிறகு கேட்டாள்.

“ஸ்டேஷனுக்கு எதிர்ல இருந்துச்சே, சிலுவப் படம் போட்ட கட. அந்த அக்காவா?”

“ஆமா.”

“என் பன்னெண்டாவது மார்க் ஷீட்டு அவங்கதான் போட்டுக் குட்த்தாங்க. இன்னிக்கு வரைக்கும் ஒரு குமிழ் இல்ல. நானும் தெனம் ஐம்பது போடறேன், அது மாரி வர்ல.” கையில் இருந்த அட்டையைத் தடவிப் பார்த்தாள். என் அட்டையிலும் ஓரத்தில் இரண்டு குமிழ் இருந்தது. “அந்த மிஷின் இப்ப எங்க சார் கீது?”

மத்தியானம் வேலை முடிந்து யார்டுக்கு வந்தாள். இந்தக் கடையில் சம்பளத்துக்கு இருக்கிறாளாம். ஆரம்பாக்கத்தில் சொந்தமாக ஒரு சின்னக் கடை போட இடம் பார்த்து வைத்திருக்கிறாள். நான் பாலிதீனைப் பிரித்து பிளக்கைச் சொருகினேன். சூடு ஏறட்டும் என்று காத்திருந்தோம். அவள் ஒரு வெற்றுக் காகிதத்தை உள்ளே விட்டாள். குனிந்து ரோலர் பக்கம் காதை வைத்தாள். ஸ்க்ரூட்ரைவர் ஒன்றுதான் இல்லை.

“எங்க கட மிஷின் கரகரன்னு இழுக்கும் சார். இது சத்தமே போடாம முழுங்குது.”

“வேற புது மிஷினே கிடைக்கும்மா, இந்த விலைக்கு” என்றேன். வியாபாரி இப்படிப் பேசக்கூடாதுதான். ஆனாலும் கேட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

“புதுசு நெறய பாத்துட்டேன் சார். எனக்கு இதான் வோணும்.”

முனுசாமி மார்க்கரை நீட்டினான். ஒரு வருஷமாகக் காலியாக இருந்த கோட்டின் மேல் அவள் பெயரை எழுதினேன். ஆட்டோவில் ஏற்றும்போது நாங்கள் மூன்று பேரும் பிடித்தோம். பதினைந்து வருஷம் லோடு ஏற்றியிருக்கிறேன். எதை ஏற்றுகிறோம் என்று இவ்வளவு நன்றாகத் தெரிந்து ஏற்றியது இன்றைக்குத்தான்.

நாளைக்கு அந்தச் செய்தியை உன் வீட்டுக்காரரிடம் நேரில் போய்ச் சொல்கிறேன். அடுத்த ஐம்பது அட்டைக்கு ஆரம்பாக்கத்துக்கே போகலாம்.

நீ எனக்கு விட்டுப்போனதில் என்னிடம் இப்போது இருப்பது மிஷினோடு வந்த உன் சிவப்புப் பேனா, பிறகு பழவேற்காட்டுப் பெரியவர் பெயரில், அவர் மோட்டார் போன பிறகும் ஞாபகத்துக்காக நீ எழுதிக் கொடுத்த முதல் அட்டை, சட்டைப் பையில். இன்னொன்று உன் கேள்வி. எந்தக் கடிதத்தை அனுப்பும் முன்பும், எந்த லாரியைக் கிளப்பும் முன்பும், விரல் ஒரு நொடி நிற்கிறது. இது எதுன்னு அவருக்கும் தெரியுமா என்று கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலும் தெரியும்படி செய்துவிடுகிறேன்.

தமிழில் எழுதுவதால் இந்த மடலில் நீ எங்கும் வட்டம் போட முடியாது. அதில் எனக்கு ஒரு நிம்மதி. ஆனால் அந்தப் பெண்ணுக்கான டெலிவரி சலானை மட்டும் யாரையும் கேட்காமல் நானே ஆங்கிலத்தில் எழுதினேன். ஒரே வரிதான். ‘தி லேமினேஷன் மிஷின்.’ மேஜை மேல் உன் சிவப்புப் பேனா மூடியோடு கிடந்தது. நான் எடுக்கவில்லை. எடுக்க வேண்டியிருக்கவில்லை.

இப்படிக்கு,
மோட்டாரு